மணலில் விழுந்த நாலு கோடு

எங்கள் கடற்கரை ஊரான ஆலங்குடாவின் மணலில் புதையாமல் ஓட வேண்டும் என்று என் ஜீப்புக்குப் பெரிய டயர் போட்டிருந்தேன். ஒரு மாதம் ராசா மாதிரி ஓடியது. பிறகு இடது பின் டயர் மட்கார்டில் உரசத் தொடங்கியது. பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் பல் கூசும் சத்தம். வந்த கோபத்தில் கிரைண்டரை எடுத்து மட்கார்டின் விளிம்பை வெட்டி எறிந்தேன். உரசல் நிற்கவில்லை.

கலியாணம் முடித்து ஏழு வருடத்துக்குப் பிறகு மனைவிக்கு அப்போது நிறைமாதம். அடுத்த நாள் காலையில் அவளைப் புத்தளம் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். எங்கள் வீட்டுப் பாதை முழுக்க மணல். ஜீப்பை விட்டால் வேறு வாகனம் வராது.

கராஜில் வாகனம் திருத்தும் பாஸை வீட்டுக்கே கூட்டி வந்தேன். பார்த்த மாத்திரத்தில் அவரும், "டயர் பெருசு நானா. இன்னும் கொஞ்சம் வெட்டுவோம்" என்றார்.

வாசலில் நின்ற மனைவி சொன்னாள்: "வெட்டிப் பிரயோசனமில்ல. ஜீப் கோணலாப் போகுது."

"ஓம், நண்டு கடிச்சிட்டுப் போல" என்று சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல முற்றத்தில் இறங்கி மணலைக் காட்டினாள். "முந்தி முன் டயர் போன தடத்துலயே பின் டயரும் போகும். ரெண்டு கோடுதான் விழும். இப்ப பாருங்க, நாலு."

பார்த்தேன். நாலுதான். தினமும் அந்த மணலில் ஏறி இறங்கும் என் கண்ணில் அது படவேயில்லை. பாஸ் என் தூண்டில் பெட்டியிலிருந்து தங்கூசி நூலை எடுத்து, முன் டயர்ச் சில்லின் நடுவிலிருந்து பின் சில்லின் நடுவுக்கு இழுத்து, இரண்டு பக்கமும் அளந்தார். இடது பக்கம் ஒரு பெருவிரல் அகலம் கூடுதலாக இருந்தது. "யா அல்லாஹ்!" என்று அப்படியே ஜீப்பின் கீழே படுத்துவிட்டார்.

ஸ்ப்ரிங் தகடுகளை அச்சோடு பொருத்தி வைக்கும் போல்ட், உப்புக் காற்றில் துருப்பிடித்து இரண்டாக முறிந்திருந்தது. அச்சு இடது பக்கம் பின்னுக்கு நகர்ந்திருந்தது.

"வெளியால பிடிச்சிருக்கிற கிளாம்புலதான் நிக்குது, நானா. ரோட்டுல வேகமாப் போயிருந்தா சில்லு ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம்."

அவளையும் பிள்ளையையும் இதில்தான் ஏற்றிப் போக இருந்தேன்.

பின்னேரம் அஸர் தொழுகைக்கு முந்தியே பாஸ் புது போல்ட் போட்டு அச்சை நேராக்கிவிட்டார். டயர் மட்கார்டுக்குக் கிட்டவும் போகவில்லை. வாசலில் நின்றபடி மணலைப் பார்த்தே ஒருத்தி ஜீப்புக்குள் முறிந்து கிடந்ததைக் கண்டுபிடித்தாளே என்று நினைக்க நினைக்க மலைப்பாக இருந்தது.

"இதை ஏன் முதலே சொல்லல்ல?" என்றேன்.

"மூணு நாளாச் சொல்றேன்," என்றாள். "நீங்க ஜீப்புட சத்தத்தை மட்டும்தான் கேட்டீங்க."