டிபன் பாக்ஸில் வந்த பொறிவண்டுகள்

எங்கள் நைனா பூச்சி கொல்வதற்கென்றே சம்பளம் வாங்கியவர். கப்பலுக்குப் போகும் கன்டெய்னர்களில் சரக்கு ஏற்றியதும் கதவைச் சாத்தி, உள்ளே விஷப்புகை அடிக்கிற வேலை. கதவில் மண்டையோட்டுப் படத்தை ஒட்டிவிட்டு வந்தாரென்றால், மறுநாள் அதற்குள் ஒரு வண்டுகூட உயிரோடு இருக்காது. பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லி நான் அடித்துக்கொண்ட தம்பட்டம் கொஞ்சநஞ்சமல்ல.

அப்பேர்ப்பட்ட மனிதரை எர்ணாவூர் குடியிருப்பின் மொட்டைமாடியில் அசுவினிப் பூச்சி படாத பாடு படுத்தியது. மீன் வருகிற தெர்மாகோல் பெட்டிகளில் மண் நிரப்பி, கிழிந்த வலையைப் பந்தலாகக் கட்டி, அவர் ஆசையாக ஓர் அவரைக்கொடி வளர்த்திருந்தார். மார்கழிப் பனி இறங்கியதும் பூங்கொத்து முழுக்கப் பேன் மாதிரி கருகருவென்று அப்பிக்கொண்டன. அவை விடுகிற பிசின், பந்தலடியில் காய்ந்த துணிகளில் எல்லாம் சொட்டியது. பக்கத்து வீட்டு அத்தை ஒருநாள் தன் பையனின் யூனிபார்ம் சட்டையை நைனாவின் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"இன்னாண்ணே இது, பிசுபிசுன்னு கீது? போகிக்குள்ள இந்தப் பூச்சி போவல, பந்தலப் பிரிச்சி கொளுத்திருவோம். சொல்ட்டேன்."

நைனா பழைய டூத் பிரஷ்ஷால் பூச்சிகளைத் தேய்த்துத் தள்ளினார். புளித்த மோரைத் தெளித்தார். மாடி நாறியதுதான் மிச்சம். எறும்புகள்தாம் அசுவினிக்குக் காவல் என்று கண்டுபிடித்து, தண்டில் விளக்கெண்ணெய்த் துணியைச் சுற்றினார். எறும்பு நின்றது, பூச்சி போகவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"நைனா, உங்க கம்பெனி மருந்துல கொஞ்சூண்டு எட்தாந்து அடியேன். ஒரே ராத்திரில காலி."

ஒருநாளும் என்னை அதட்டாதவர் அன்று அதட்டினார். "அது நம்ம வூட்டுப் படிய மெதிக்கக் கூடாது. இன்னொரு தபா அந்தப் பேச்ச எடுக்காத."

கம்பெனிச் சாமானைத் தொடப் பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் கேவலமாகக்கூட இருந்தது.

லீவு நாளில் என்னை சைக்கிளில் உட்காரவைத்து ரயில் பாதையோரம் கூட்டிப்போனார். அங்கே எருக்கஞ்செடிகளில் மஞ்சள் அசுவினி மண்டிக் கிடந்தது. அதைத் தின்ன வந்த பொறிவண்டுகளும் இருந்தன. சிவப்பு முதுகில் கறுப்புப் பொட்டு வைத்த வண்டுகளாகப் பார்த்து நான் டிபன் பாக்ஸில் சேர்க்க, அவரோ முள்ளுமுள்ளாக இருந்த அவற்றின் புழுக்களைத் தேடித் தேடிப் பொறுக்கினார். அவ்வளவு அசிங்கமான புழுவை நான் பார்த்ததில்லை.

"வண்டு பறந்துடும் கண்ணு. இது எங்க பூடும்? குந்திகினு துண்ணும்."

அந்த டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்த அம்மாவின் கூச்சல் கீழ்த்தளம்வரை கேட்டது. பூச்சியை விரட்டச் சொன்னால் பூச்சிக்குத் துணையாகப் பூச்சி பிடித்து வந்திருக்கிறார் என்று மாடியில் எல்லோரும் சிரித்தார்கள். நைனாவும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

அவர் சொன்னபடியே வண்டுகள் முக்கால்வாசி பறந்துவிட்டன. புழுக்கள் மட்டும் ராப்பகலாகத் தின்றன. போகிக்கு முந்தின நாள் அத்தை வந்து இலைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

"சரி, இருந்துட்டுப் போவட்டும். கொயம்புக்கு ரெண்டு காய் குடுண்ணே" என்று முந்தானையை ஏந்தினார். எங்கள் நைனா மாதிரி கெட்டிக்காரர் இந்த உலகத்திலேயே கிடையாது என்று எனக்கு ஒரே பெருமை.

அத்தை இறங்கிப்போனதும் நைனா ஒரு பிஞ்சைப் பறித்தார். அதிலிருந்த தூசியை லுங்கியில் துடைத்து, பச்சையாகவே என் வாயில் வைத்தார். நான் மென்று விழுங்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது. பிஞ்சு துவர்த்தது, துப்பிவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஒரு அவரைக்காய்க்கு இவ்வளவா என்றுதான் தோன்றியது. நாளெல்லாம் விஷத்திலேயே புழங்கிய அந்தக் கைகளுக்கு, பெற்ற பிள்ளைக்குப் பயமில்லாமல் ஊட்ட அது ஒன்றுதான் இருந்தது என்பது அந்த வயதில் எனக்கு எங்கே தெரியப்போகிறது?