நாலு மீற்றர் தடி

பாரிஸ் லாச்சப்பல் உணவகங்களில் கோப்பை கழுவத் தொடங்குகிறவன் இரண்டு மூன்று வருடத்தில் அடுப்படிக்கு ஏறிவிடுவான். பத்திநாதருக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாரும் ஏறினார்கள். அவர் மட்டும் இருபத்தெட்டு வருடம் கோப்பையோடு கிடந்தார். பென்சன் எடுத்ததும் தியெப் கடற்கரையில் நின்று, அலைக்கு அப்பால் தூண்டில் எறிய வேண்டும் என்ற ஒரே ஆசைதான் மிச்சம். பென்சன் கடிதம் வந்த மறுநாளே மனைவி ஞானமலருடன் தூண்டில் கடைக்குப் போனார்.

கடைக்காரன் நாலு மீற்றர் தடியைக் கொடுத்து, தலைக்கு மேலால் வீசிப் பார்க்கச் சொன்னான். வலது கை காதளவில் நின்றுவிட்டது. அண்டாக்களைக் கழுவிக் கழுவி மேல்தட்டில் ஏற்றிய கை. மூன்றரை மீற்றர் தடியும் ஏறவில்லை. மூன்று மீற்றருக்கும் அந்தப் பாழாய்ப்போன தோள் மசியவில்லை.

"விடுங்கோ, வீட்டை போவம்" என்றாள் ஞானமலர்.

அவர் கேட்கவில்லை. மூலையில் கிடந்த சின்ன நீலத் தடியை எடுத்தார். அது மட்டும் கைக்கு அடங்கியது.

"பேரனுக்கா?" என்று பிரெஞ்சில் கேட்டான் கடைக்காரன்.

பிள்ளைகுட்டி இல்லாத பத்திநாதர் தலையாட்டினார்.

"எத்தனை வயது?"

"ஆறு" என்றார்.