என் கைப்பக்குவமும் நெருப்புக் காய்ச்சலும்

போன மாதம் ஒரு காலை. சானிட்டரி இன்ஸ்பெக்டர் என் வீட்டுக்கு வந்தார். வெள்ளைக் கால்சட்டை, தொப்பி, கையில் ஒரு சின்னப் போத்தல். பழகிய மனிதர்தான். பெயரை ஜோசப் என்று வைத்துக்கொள்வோம்.

தேத்தண்ணி கொடுத்தோம். குடித்தார். மழையைப் பற்றிப் பேசினார், வாவியில் இறால் குறைந்துவிட்டதைப் பற்றிப் பேசினார். பிறகு போத்தலை மேசைமேல் வைத்துவிட்டு ஒரு முறை இருமினார்.

"ஐயா, நாளைக்குக் காலையில இதுக்குள்ள கொஞ்சம் வேணும்."

"என்ன வேணும்?"

"நீங்க வெளிக்குப் போவீங்கதானே... அதில கொஞ்சம்."

பத்து வருடமாக இந்தப் பத்திரிகையில் இந்தப் பத்தியை எழுதுகிறேன். வாசகர்கள் சிபாரிசுக் கடிதம் கேட்டிருக்கிறார்கள், பிள்ளைக்குப் பெயர் கேட்டிருக்கிறார்கள். இப்படி ஒன்றை இதுவரை யாரும் கேட்டதில்லை!

ஏன் கேட்டார்? அதைச் சொல்ல வேண்டுமானால் அக்காவின் வயலுக்குப் போக வேண்டும்.

அக்கா வாழ்க்கைப்பட்டது பழுகாமத்தில். அறுவடை முடிந்து, சூடு மிதித்து, நெல் வீடு வந்ததும் வட்டையில், அந்த வயல்வெளியிலேயே, எல்லோருக்கும் ஒரு சாப்பாடு நடக்கும். அன்று எனக்கு ஒரே ஒரு வேலை. குழையல் பிசைவது! பெரிய தாச்சியில் சோற்றைக் கொட்டி, மீன் குழம்பு, பருப்பு, கீரை, மாங்காய் எல்லாம் போட்டு, முழங்கை வரை இறங்கிப் பிசைந்து, உருண்டை உருண்டையாக ஒவ்வொரு கையிலும் வைப்பேன். "தம்பிட கைப்பக்குவம் ஆருக்கும் வராது" என்று அக்கா ஊருக்கே கேட்கச் சொல்லுவார். நானும் வெட்கப்படுவது போல் நிற்பேன்.

முதலில் கை கழுவினேனா என்று கேட்கிறீர்களா? கழுவினேன்... வாய்க்கால் தண்ணீரில், விரல் நுனி நனைய.

இரண்டு கிழமை கழிந்தது. அக்காவுக்குக் காய்ச்சல். அத்தானுக்குக் காய்ச்சல். அக்காவின் மகள் பூமணிக்குக் கடுங் காய்ச்சல். அயல் வீட்டில் இரண்டு பேர். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, நெருப்புக் காய்ச்சல், அதாவது டைபாய்டு என்றார்கள்.

அதைக் குணமாக்க இன்னும் ஊசியும் வரவில்லை, குளிசையும் வரவில்லை. கஞ்சித் தண்ணீர், ஈரத்துணி, காவல் — அவ்வளவுதான். மூன்று கிழமை பூமணி கண்ணைத் திறந்து எங்களை அடையாளம் காணவில்லை. அந்தப் பிள்ளையின் கட்டில் காலடியில் உட்கார்ந்து நான் அழுதிருக்கிறேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அழுகை நின்றதும் கோபம் வந்தது. யார் செய்த வேலை இது? அன்று சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் தயிர் சாப்பிட்டார்கள். கரடியனாற்றில் எருமைப் பட்டி வைத்திருக்கும் வள்ளிப்பிள்ளை என்பவர் வண்டியில் கொண்டுவந்து விற்ற சட்டித் தயிர். போதாதா? பேனாவை எடுத்தேன். "சட்டியில் வந்த சாவு" என்று தலைப்பு. ஆளின் பெயரைப் போடவில்லை. "கரடியனாற்றுத் தயிர்க்காரி" என்று மட்டும் போட்டேன். அந்தப் பக்கத்துக்கு வண்டியில் தயிர் கொண்டுவருபவர் அவர் ஒருவர்தான் என்பது வேறு விஷயம்.

அருமையான கட்டுரை என்று பலர் எழுதினீர்கள். நானும் நம்பினேன்.

இனி ஜோசப்புக்கு வருவோம்.

"தயிர்க்காரியைப் போய்ப் பிடிக்காமல் என்னிடம் என்ன போத்தல்?" என்று சீறினேன்.

"அங்க முதலே போயிட்டன் ஐயா. அவங்க வீட்டில எல்லாரும் ஒரு சொல்லுப் பேசாமத் தந்தாங்க. சோதிச்சதில ஒண்டும் இல்ல." ஜோசப் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார். "ஒண்டு கேக்கிறன். ஒங்கட அத்தான் தயிர் சாப்பிடுவாரா?"

அத்தானுக்குச் சளி உடம்பு. தயிர்ச் சட்டி இருக்கும் பக்கம்கூடத் திரும்ப மாட்டார். இது எனக்குத் தெரியாதா? நாற்பது வருடமாகத் தெரியும். எழுதும்போது மட்டும் ஞாபகம் வரவில்லை!

"படுத்த அஞ்சு பேரும் குழையல் திண்டவங்க" என்றார் ஜோசப். "ஒங்களுக்கு எப்பவாவது நெருப்புக் காய்ச்சல் வந்ததா?"

வந்தது. மூன்று வருடத்துக்கு முன். எழும்பிவிட்டேன். இப்போது கல்லைத் தின்றாலும் செரிக்கும்.

"அதுதான் விஷயம்" என்று ஜோசப் விளக்க ஆரம்பித்தார். நம் குடலுக்குள் கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கின்றனவாம். பெரும்பாலானவை போகிற சோற்றில் பங்கு வாங்கிக்கொண்டு ஒதுங்கிக் கிடப்பவை. இந்தக் காய்ச்சல் கிருமி அப்படியல்ல. "வயல் வரம்பை நண்டு துளைக்கிறதில்லையா ஐயா? அதுபோல இது குடல் சுவரைத் துளைச்சு உள்ளுக்குப் போகும். அங்க பெருகி, இரத்தத்தில இறங்கி, உடம்பெல்லாம் சுத்தும். துளைச்ச இடம் புண்ணாகும். புண் ஓட்டையானா ஆளே போயிரும்."

பூமணியை நினைத்தேன்.

"சிலருக்குக் காய்ச்சல் மாறினாலும் கிருமி போகாது. பித்தப்பையில குடியிருக்கும். அங்கயிருந்து சில நேரம் குடலுக்கு வந்து, வெளிய வந்து... கையில ஒட்டும். ஆளுக்கு ஒரு குறையும் தெரியாது."

"அப்படியென்றால் என் மனைவிக்கு ஏன் வரவில்லை?" என்று கடைசி அம்பை விட்டேன்.

பதில் உள்ளே இருந்து வந்தது. "இந்த வீட்டில நீங்க எனக்கு ஒரு செம்புத் தண்ணியாவது மொண்டு தந்திருக்கிறீங்களா?"

இருபத்தைந்து வருடமாக நான் பாடுபட்டு வளர்த்த சோம்பேறித்தனம் அவர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. இதற்கு அவர் நன்றி சொல்லவில்லை.

போத்தல் கொழும்புக்கு ரயிலேறியது. நான் இன்னும் அந்த ரயிலில் ஏறியதில்லை; என் உடம்பில் ஒரு பகுதி எனக்கு முந்திக்கொண்டது. பத்து நாளில் பதில் வந்தது. இருக்கிறது. நிறைய இருக்கிறது. இனிச் சவுக்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும்; பிறருக்குச் சமைக்கவோ பிசையவோ கூடாது.

பூமணி எழும்பிவிட்டாள். தலைமுடி கொட்டி, எலும்பும் தோலுமாக இருக்கிறாள். அவளிடம் உண்மையைச் சொன்னேன். "பரவாயில்ல மாமா" என்றாள். அதைக் கேட்ட பிறகுதான் என்னால் கரடியனாற்றுக்குப் பஸ் ஏற முடிந்தது.

வள்ளிப்பிள்ளைக்கு ஐம்பது வயதிருக்கும். பட்டி வாசலில் காலியாய்க் கவிழ்த்த சட்டிகள் வரிசையாக இருந்தன. நான் இன்னார் என்றதும் முகம் இறுகிப்போயிற்று.

"ரெண்டு மாதமா ஆரும் வாங்கயில்ல. தயிரெல்லாம் நாய்க்கு ஊத்தினன். நாய்க்குக் காய்ச்சல் வரயில்ல, ஐயா."

எல்லாவற்றையும் சொன்னேன். போத்தல், பித்தப்பை, குழையல். தலை குனிந்து மன்னிப்புக் கேட்டேன்.

"இதை என்னட்ட வந்து சொல்லி என்ன? எனக்கு முதலே தெரியுந்தானே" என்றார் அவர். "பேப்பரில எழுதினதைப் பேப்பரிலதான் எழுதணும். அண்டைக்கு எழுதின மாதிரிப் பெரிய எழுத்தில."

எழுதிவிட்டேன். வள்ளிப்பிள்ளையின் தயிரில் ஒரு குற்றமும் இல்லை. கிருமி என்னுடையது. கை என்னுடையது. கண்ணை மூடிக்கொண்டு எழுதிய பேனாவும் என்னுடையது. தயவுசெய்து அவரிடம் தயிர் வாங்குங்கள்.

அன்று அவரிடமிருந்து புறப்படும் முன், நானே முதல் ஆளாக இருக்கலாமே என்று, புதிதாக உறைந்திருந்த ஒரு சட்டியைக் காட்டி, "இதைத் தாருங்கள்" என்றபடி எடுக்கக் குனிந்தேன்.

"கையை எடுங்க ஐயா!" என்றார் வள்ளிப்பிள்ளை. "நான் தயிர் மட்டுந்தான் விக்கிறன்."