சல்லிக் கரையில் நான் அணைத்த விளக்கு

படியாதவன்தான், ஆனாலும் திருகோணமலையில் என் கைக்கு ஸ்டார்ட் ஆகாத லொறி கிடையாது. ஒரு மாரிகாலத்தில், பொழுதுபடும் நேரம், சல்லிக் கிராமத்துக் கரையோரம் கடலைப் பார்த்தபடி லொறியை நிறுத்தி, முன்விளக்கை அணைக்க மறந்து கருவாட்டு மூட்டை எடுக்கப் போய்விட்டேன். திரும்பிவந்து பார்த்தால் பற்றரி இறங்கிக் கிடந்தது. சற்று ஓய்ந்தால் தேறும் என்று விளக்கை அணைத்தேன்.

ஆளே தெரியாத கடலுக்குள்ளிருந்து அலறல் வந்தது.

"ஐயோ, வெளிச்சத்தைக் காணேல்லையே!"

திரும்பப் போட்டேன். விளக்கு சிவந்து மங்கியது.

"கரையில ஆரும் நிக்கிறீங்களோ?"

"ஓம், நிக்கிறன்! என்ர குரலைப் பிடிச்சு வாங்கோ!"

வெளிச்சம் செத்த பிறகும் கத்தினேன். கடைசியில் இரண்டு மீனவர்கள் வள்ளத்தோடு கரை சேர்ந்தார்கள். நடுங்கிக்கொண்டே லொறியைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணியும் தந்தார்கள்.

"இடையில ஒருக்கா வெளிச்சம் போக, கல்லில மோதப் பாத்தம். பற்றரி பழசோ அண்ணை?"

"ஓம்," என்றேன்.

அது வாங்கி ஒரு மாதமும் ஆகாத பற்றரி. அணைத்தது என் கை என்று இன்றுதான் சொல்கிறேன்.