தங்கை எடுத்துக்கொண்ட வீடு

வீட்டில் அவளுக்குப் பட்டப்பெயர் அகராதி. யாராவது ஓர் ஆங்கிலச் சொல்லைத் தப்பாகச் சொன்னால் போதும், வாயில் இருக்கும் சோற்றை விழுங்குவதற்குள் திருத்திவிடுவாள். அதனால் வந்த பெயர். பேச்சு வழக்கில் அந்தச் சொல்லுக்கு இருக்கும் இன்னோர் அர்த்தமும் அவளுக்கு நன்றாகவே பொருந்தும் என்பதை, அவள் பக்கத்தில் இல்லாதபோதுதான் சொல்வார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் மருந்துக் கவுன்ட்டர் அவள் பொறுப்பு. எந்த டாக்டரின் கிறுக்கலையும் கண்ணாடி போடாமலே படித்துவிடுவாள். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் வேலைக்குப் போக வேண்டும் என்பது பல வருட ஆசை. அதற்கு ஆங்கிலத் தேர்வு. வாசிப்பது, எழுதுவது, காதால் கேட்டு விடை சொல்வது எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பேச்சில்தான் சறுக்கல். இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் பேச்சில் அரை மதிப்பெண் குறைந்துபோனது.

கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் ஒற்றை அறையில் ஒருவர் பேச்சுப் பயிற்சி நடத்திவந்தார். மாஸ்டர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். தேர்வில் ஒரு கார்டு கொடுப்பார்கள், அதில் இருக்கும் விஷயத்தைப் பற்றி இரண்டு நிமிஷம் விடாமல் பேச வேண்டும். அந்த சீசனில் கட்டடங்களைப் பற்றிய கார்டு அடிக்கடி வருவதாகப் பேச்சு. அகராதி ஒரு மியூசியத்தை மனப்பாடம் செய்துகொண்டு வந்து, மூச்சுவிடாமல் ஒப்பித்தாள்.

மாஸ்டர் கேட்டு முடித்துவிட்டுத் தாடையைத் தடவினார். “மேடம், இந்த மியூசியத்துக்குள்ள நீங்க போயிருக்கீங்களா?”

“வாசல் வரைக்கும் போயிருக்கேன்.”

“அதான் தெரியுது. தூண் உயரம் சொல்றீங்க, கட்டின வருஷம் சொல்றீங்க. உள்ள குளிரா இருந்துச்சா, யார் கூடப் போனீங்க, எதைப் பாத்து நின்னீங்க, ஒண்ணும் இல்ல. தேர்வு எடுக்கறவங்க காலையிலேருந்து இதே மியூசியத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போயிருப்பாங்க. நீங்க வாழ்ந்து பாத்த கட்டடம் எதையாவது பேசுங்க. சும்மா ‘பியூட்டிஃபுல்’னு சொல்லாதீங்க.”

அவள் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, ‘பியூட்டிஃபுல்’ இருந்த இடத்திலெல்லாம் ‘மேக்னிஃபிசென்ட்’ என்று மாற்றி மறுபடி மனப்பாடம் செய்தாள்.

அப்போதுதான் தங்கை வந்து நின்றாள். அதே ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ். அவள் பேசும் ஆங்கிலத்தில் நேற்று நடந்தது நாளைக்கு நடக்கும், ஒருவர் பலராவார். ஆனாலும் நோயாளிகளோடு மணிக்கணக்கில் அதிலேயே அரட்டை அடிப்பாள்.

“அக்கா, நானும் ஒரு தடவை எழுதிப் பாக்கட்டுமா?”

“தாராளமா எழுது” என்றாள் அக்கா. தன்னுடைய பழைய குறிப்புகளையெல்லாம் தூக்கிக் கொடுத்தாள், உட்கார வைத்துப் பிழை திருத்தினாள். எப்படியும் இவள் நம்மைத் தாண்டப் போவதில்லை என்ற தெம்பு இருந்ததால், அந்தத் தாராளம் அவளுக்குச் சுலபமாகவே வந்தது.

தங்கை முதல் தடவையிலேயே தேறிவிட்டாள். பேச்சில் தேவைக்கு மேலேயே அரை மதிப்பெண்!

அக்கா கட்டிப்பிடித்து வாழ்த்தினாள். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, நனையாமல் ஓரமாகக் கொஞ்ச நேரம் நின்றாள். வெளியே வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: “என்ன கார்டு வந்துச்சு?”

“சின்ன வயசுல நீங்க இருந்த ஒரு கட்டடம்.”

“எதைப் பேசின?”

“நம்ம மாடிப்படி ரூமைத்தான்.”

அகராதியின் கையிலிருந்த துண்டு அப்படியே நின்றது.

அவர்களுடைய அப்பா ஒரு நாலு மாடிக் குடியிருப்பில் காவலாளியாக இருந்தவர். படிக்கட்டுக்கு அடியில், ஆப்பு மாதிரி சரிந்த ஓர் அறைதான் குடும்பத்துக்கு. ஒரு பக்கம் அப்பா நிமிர்ந்து நிற்கலாம், மறுபக்கம் போகப் போகக் குனிந்து, கடைசியில் தவழத்தான் வேண்டும். தவழும் கோடியில் பெரியவள் படுப்பாள். தலைக்கு மேலே ஊரே ஏறி இறங்கும். செருப்புச் சத்தத்தை வைத்தே, இது மூணாவது மாடி வாத்தியாரம்மா, இது வாடகை பாக்கி வைத்தவர், இது சண்டை போட்டுவிட்டு வரும் பையன் என்று சொல்லிவிடுவாள். பள்ளியில் வீடு எங்கே என்று கேட்டால், “அந்த நாலு மாடிக் கட்டடம்” என்பதோடு நிறுத்திக்கொள்வாள். எந்த மாடி என்று யாராவது கேட்பதற்குள் பேச்சை மாற்றிவிடுவாள். கட்டிய கணவனிடம்கூட அவள் அதை முழுசாகச் சொன்னதில்லை.

“உனக்கு என்னடி தெரியும் அதைப் பத்தி?” என்றாள் அக்கா. குரல் உயர்ந்துவிட்டது. “அங்கேயிருந்து கிளம்பும்போது நீ கைக்குழந்தை. தொட்டில்ல கிடந்தே!”

“நீதானே தூங்க வைக்கறப்போ எல்லாம் சொல்லுவே. அந்தச் செருப்புச் சத்தம்கூடச் சொன்னேன்கா. தேர்வு எடுத்த அம்மா பேனாவை வெச்சுட்டுக் கேட்டாங்க.”

“செருப்புச் சத்தத்தையுமா?”

“நீ அதை வெளியே யார்கிட்டயும் சொல்லலை. சும்மாதானே கிடந்துச்சு.”

“சும்மா கிடந்தா எடுத்துக்குவியா? அது என் தலைக்கு மேல கேட்ட சத்தம். குனிஞ்சு குனிஞ்சு கழுத்து வலிச்சது எனக்கு. நீ அதை வித்து மார்க் வாங்கிட்டு வந்து நிக்கறே!”

தங்கையின் கண் கலங்கிவிட்டது. “நீயும் அப்பாவும் அம்மாவும் அந்த ரூமைப் பத்திப் பேச ஆரம்பிச்சா உங்க மூணு பேருக்குள்ளேயே சிரிச்சுக்குவீங்க. நான் விருந்தாளி மாதிரி உக்காந்திருப்பேன். எனக்கு அந்த ரூம்ல ஒரு ஞாபகமும் இல்லையேன்னு எத்தனை தடவை பொறாமைப்பட்டிருக்கேன் தெரியுமா?”

அக்காவுக்கு அது வெறும் சாக்காகத்தான் காதில் விழுந்தது. ஒற்றை ஜன்னல்கூட இல்லாத அறையைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா என்று முணுமுணுத்துக்கொண்டே துண்டைக் கொடியில் போட்டாள்.

வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்துத் தங்கை விமானம் ஏறினாள். போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் வீடியோவில் கூப்பிட்டு வீட்டைச் சுற்றிக் காட்ட ஆரம்பித்தாள். பதினோராவது மாடி. போனைத் தூக்கிக்கொண்டு நடப்பாள். “இது ஹால்கா. இது சமையலறை, பாரேன், மேடை எவ்வளவு நீளம்! இந்த அலமாரி தானா மூடிக்கும், சத்தமே வராது.” அலமாரியைத் திறந்து திறந்து மூடிக் காட்டுவாள். அக்கா “நல்லா இருக்கு, நல்லா இருக்கு” என்பாள். போனை வைத்த பிறகு அடுப்படிக்குப் போய், கீல் கழன்ற தன் அலமாரிக் கதவைப் படாரென்று சாத்துவாள்.

“அது மேல ஏன் இவ்வளவு கோபம்?” என்பார் கணவர்.

“எது மேல?”

“ஒண்ணுமில்லை, கதவைத்தான் கேட்டேன்.”

அந்த வீடு அவள் தலைக்குள் குடியேறிவிட்டது. மருந்து எடுக்கும்போதும் மாத்திரையை எண்ணும்போதும் அவள் அந்த ஹாலில்தான் நடந்துகொண்டிருந்தாள். சோபாவை எதிர்ச் சுவருக்கு மாற்றினாள். தங்கை காட்டாத இரண்டாவது படுக்கையறைக்குள் தானே நுழைந்து, அங்கே துணி குவிந்து கிடப்பதாக முடிவு செய்துகொண்டாள். இவ்வளவு பெரிய ஜன்னல் இருந்தும் திரைச்சீலையை இழுத்து மூடி வைத்திருக்கிறாளே என்று அவளுக்கு ஆறவே இல்லை.

மூன்றாம் தடவை தேர்வுக்குப் போனாள். சின்ன அறை, எதிரே நரைத்த கிராப்போடு ஒரு பெண்மணி. கார்டை நீட்டினார். ‘நீங்கள் குடியிருக்க விரும்பும் ஒரு கட்டடம்.’

குறித்துக்கொள்ளக் கொடுத்த பென்சில் கையிலேயே இருந்தது. மியூசியத்தில் குடியிருக்க முடியாதே என்று ஒரு கணம் தவித்தாள். அப்புறம் வாயைத் திறந்தாள். தங்கையின் வீடு கொட்டியது.

பதினோராவது மாடி என்று ஆரம்பித்தாள். லிஃப்டில் முகம் பார்க்கக் கண்ணாடி இருப்பதையும், சத்தமே போடாத அலமாரியையும், இரண்டு பேர் ஒருவரையொருவர் இடிக்காமல் நின்று வேலை செய்யும் சமையலறையையும் சொன்னாள். அந்த ஜன்னலைப் பற்றிப் பேசும்போது கை தானாக எழுந்து திரையை விலக்கியது. வழக்கமாக ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நின்று, தப்பில்லாத சொல்லைத் தேடுவாள். அன்றைக்குத் தேடவில்லை. ஓரிடத்தில் இலக்கணம் தடுமாறியதுகூடத் தெரியாமல் போய்க்கொண்டே இருந்தாள். நேரம் முடிந்ததென்று அந்தப் பெண்மணி கையைக் காட்ட வேண்டியிருந்தது.

“நீங்கள் அங்கே போயிருக்கிறீர்களா?” என்று கேட்டார்.

“இல்லை. அது என் தங்கையின் வீடு. போனில்தான் பார்த்தேன். ஆனால் அங்கே எது எங்கே இருக்க வேண்டும் என்று அவளைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.”

அடுத்த கேள்வி: “குடியிருக்கும் கட்டடம் மனிதர்களின் குணத்தை மாற்றும் என்று நினைக்கிறீர்களா?”

“நிச்சயமாக மாற்றும்” என்றாள் அகராதி. “என் தங்கை அந்த வீட்டுக்குப் போவதற்கு முன்னால் நான் ரொம்ப நல்லவள்.”

அந்தப் பெண்மணி சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு தாளைப் புரட்டினார்.

முடிவு வந்தது. தேறிவிட்டாள். தேவையான மதிப்பெண், அதற்கு மேல் ஒரு பொட்டும் இல்லை. கணவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். “தங்கச்சிக்கு அரை கூடுதல்” என்றாள் அவள்.

தங்கை போனில் சந்தோஷத்தில் அழுதாள். என்ன கார்டு என்று கேட்டாள். அக்கா கொஞ்சம் தயங்கி, “உன் வீட்டைத்தான் பேசினேன்” என்றாள்.

“என் வீட்டையா? அடிப்பாவி அக்கா! என்னன்னு சொன்னே?”

“திரையைத் திறந்து வைக்கத் தெரியாதவ குடியிருக்கான்னு சொன்னேன்.”

அந்தப் பக்கம் தங்கை வெடித்துச் சிரித்தாள். இந்தப் பக்கமும் சிரிப்பு வந்தது, ஆனால் பாதிதான் வந்தது.

ஒரு வருஷத்துக்குள் அகராதிக்கும் அதே நாட்டில் வேலை கிடைத்தது. வேறு ஊர், ரயிலில் அரை நாள் தூரம். ஆஸ்பத்திரிக்குப் பின்னால், பேக்கரிக்கு மேலே இரண்டு அறைகள். மேசை நாற்காலி எல்லாம் யாரோ விட்டுவிட்டுப் போனவை. தங்கை பார்க்க வருகிறேன் என்றதும், அக்கா மூன்று நாள் தேய்த்துத் தேய்த்துத் தரையைக் கழுவினாள்.

தங்கை வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வோர் அறையாக நடந்தாள். அலமாரியைத் தொட்டாள், குழாயைத் திறந்து மூடினாள். அக்கா டீ போடுகிற சாக்கில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாலும், காது முழுக்க அந்தக் காலடியில்தான் இருந்தது. கடைசியில் தங்கை படுக்கையறை நடுவில் நின்றுவிட்டாள்.

“என்னக்கா, உனக்கு மட்டும் இவ்வளவு வெயில் வருது? எங்க பக்கம் மத்தியானத்துக்கு மேல ஒரே இருட்டு. நாள் முழுக்க லைட்டைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன்.”

அகராதி அடுப்பைச் சின்னதாக்கினாள்.

“என்ன சொன்னே?” என்றாள். “தண்ணி கொதிக்கற சத்தத்துல காதுல விழலை. இன்னொரு தடவை சொல்லு.”