மாரியப்பனின் கழுத்து

அறுபதுகளில் சிவகாசியில் குஸ்தி பழகிக்கொண்டிருந்தேன். ஒரு மாலைப் பயிற்சியில், தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்த்த என் நண்பன் மாரியப்பனைத் தூக்கிப் போட்டேன். கழுத்து மடங்க விழுந்தவன் எழவில்லை.

"சுளுக்குத்தாம்லே, எடுத்துவிடுறேன்" என்று அவன் தலையைப் பிடித்துத் திருப்பப் போனேன்.

"தொடாதீக! திருப்பினா உசுரே போயிரும்!" தெருவில் போன நர்ஸம்மா ஓடி வந்தார். தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு, சோடாக்கடை ஐஸைத் துண்டில் சுற்றிக் கழுத்தோரம் வைக்கச் சொன்னார். குளிர் ஏற ஏற முனகல் குறைந்தது.

"கால்விரலை அசைங்க, தம்பி."

அசையவில்லை. மறுபடி கேட்டார். பெருவிரல் லேசாக அசைந்தது. பலகையில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம்.

இரண்டு மாதம் கழித்து மாரியப்பன் தலையை இரு பக்கமும் திருப்பிக் காட்டிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நல்லது செய்வதாக நினைத்து நானே அவனைக் கொன்றிருப்பேன்.