பாபின் அலாரம்

என் மனைவிக்கு ஏழு வயதில் வந்த காய்ச்சலில் காது போய்விட்டது. அதற்கு முன் கற்றிருந்த பேச்சு மட்டும் அவளிடம் தங்கிவிட்டது. வெளியாரிடம் கையாலும் போனில் எழுதியும் பேசுவாள். என்னிடம் மட்டும் வாய் திறந்து, ஏற்ற இறக்கம் இல்லாத குரலில், சுருக்கமாகப் பேசுவாள். நான் பேசும்போது என் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள்.

எங்கள் வீடு கோலசிலாங்கூரில், தாமான் என்கிற வரிசைவீட்டுக் குடியிருப்பு ஒன்றின் கடைசி வரிசையில் இருக்கிறது. நான் செம்பனை எண்ணெய் ஆலையில் மெஷின்களைப் பழுதுபார்க்கும் பிட்டர். மோட்டார் சைக்கிளில் போய்வருகிறேன். அவள் முன்னறையில் தையல் மெஷின் போட்டு ரவிக்கையும் மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு கூரோங்கும் தைக்கிறாள்.

கார் அவளுடையது. தஞ்சோங் காராங்கில் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியரிடம் வாங்கியது. எழுபதுகளில் வந்த ஜப்பான் கார், பால் நிறம், முன்னால் உருண்டை விளக்குகள். புதுக் காராக வாங்கலாமே என்று நான் சொல்லிப் பார்த்தேன். கடைக்கு வந்தாள், ஒரு புதுக் காரில் ஏறி உட்கார்ந்தாள், இறங்கிவிட்டாள். எஞ்சின் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்றே அதில் தெரியவில்லையாம். பழைய காரில் கியர் கம்பியைப் பிடித்தால் போதும், எஞ்சின் அவள் உள்ளங்கையில் துடிக்கும். பிளக் ஒன்று சரியாக எரியாவிட்டால்கூட எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

அந்தக் காரில் நான் முதலில் செய்த வேலை சிக்னலுக்குத்தான். சிக்னல் போட்டால் வரும் டிக் டிக் சத்தம் அவளுக்குக் கேட்காது. வளைவு தாண்டியும் அது மின்னிக்கொண்டே இருக்கும், பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள், அதுவும் கேட்காது. வேகமானிக்குப் பக்கத்தில், கண்ணில் குத்துகிற மாதிரி ஒரு சிவப்பு பல்ப் வைத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு யாரும் எங்களைத் திட்டவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம், காரின் பேட்டரியை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கார் போர்டிகோவில் நின்றது. அவள் பத்தடி தள்ளி, ஜன்னலுக்கு முதுகு காட்டித் தைத்துக்கொண்டிருந்தாள். நான் வந்து சொன்னபோது அவள் முகம் போன போக்கை மறக்க முடியாது. பேட்டரி போனதற்காக அல்ல, தான் வீட்டில் இருக்கும்போதே போனதற்காக.

மறுநாள் முதல் நான் இரும்பு வேலையில் இறங்கினேன். ஆலையில் கேட்டு வாங்கிய பழைய தகட்டை வெட்டி, புது பேட்டரிக்கு மேல் ஒரு பட்டை வெல்டு செய்து பூட்டு போட்டேன். பானெட்டுக்கு உள்ளிருந்து ஒரு கொக்கி. கடைசியாக ஒரு சைரன். சுவிட்சைத் தட்டியதும் தெருவே திரும்பிப் பார்த்தது. நான் பெருமையாக அவளைப் பார்த்தேன்.

“இது யாருக்கு?” என்றாள்.

சுவிட்சை அணைத்தேன்.

அவளே வேறொன்று செய்தாள். மெஷினில் நூல் சுற்றும் இரும்பு பாபின் ஒன்றை மெல்லிய செப்புக் கம்பியில் கட்டி, திரைச்சீலை மாட்டும் பித்தளை வளையத்தின் நடுவில் தொங்கவிட்டாள். அதை டாஷ்போர்டுக்கு அடியில் மறைத்துப் பொருத்தினோம். கார் அசைந்தால் பாபின் ஆடி வளையத்தைத் தொடும். தொட்டதும் கரண்ட் ஓடும். அங்கிருந்து போர்டிகோ உத்திரத்தை ஒட்டி ஒரு வயரை வீட்டுக்குள் கொண்டுவந்தேன். பாசிர் பெனம்பாங்கில் மீன்படகுகளுக்கு வயரிங் செய்யும் சீனர் ஒருவர் ரிலே என்கிற சின்ன மின்சுவிட்ச் ஒன்று கொடுத்தார். பாபின் வளையத்தை ஒரு முறை தொட்டாலே விளக்கு பத்து விநாடிக்கு மின்னும். தையல் ஊசிக்கு நேர் எதிரே மோட்டார் சைக்கிள் சிக்னல் பல்ப் ஒன்றை மாட்டினாள்.

முதல் வாரம் ஒரே கூத்து. கார் கிளம்பும்போது வயரைக் கழற்ற வேண்டும். அவள் மறந்துவிட்டு, அறுந்த வயரை வால் மாதிரி இழுத்துக்கொண்டு நூல்கடை வரைக்கும் போய்வந்தாள். பக்கத்து மலையிலிருந்து இறங்கும் குரங்குகளுக்கும் அந்த பானெட்டின் சூடு பிடித்துப்போனது. விளக்கு மின்னும், அவள் விளக்குமாற்றோடு ஓடுவாள், குரங்கு அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டும். பாபினுக்குள் கொஞ்சம் ஈயம் வைத்துக் கனமாக்கினாள். அதன் பிறகு குட்டிக் குரங்குகளுக்கு விளக்கு மின்னவில்லை.

ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு ஆலையில் என் போனில் செய்தி வந்தது: ‘ஆள் வந்தான். போயிட்டான். காருக்கு ஒன்னும் இல்ல.’

லீவு சொல்லிவிட்டுப் பறந்தேன். குரங்கென்று நினைத்து விளக்குமாற்றோடு வெளியே போயிருக்கிறாள். முகம் மூடிய ஹெல்மெட் போட்ட ஒருவன் பானெட் இடுக்கில் கம்பியை விட்டு நெம்பிக்கொண்டிருந்தானாம். அவளைப் பார்த்ததும் ஏதோ சொன்னானாம். உதடு தெரியாததால் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. விளக்குமாற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றிருக்கிறாள். அவன் கம்பியை உருவிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டான்.

நான் போனபோது அவள் தைத்துக்கொண்டிருந்தாள். தையல் கோணலாக ஓடியிருந்தது. அவள் கையில் கோணல் தையலை நான் பார்த்தது அன்றுதான். அவள் எதிரே உட்கார்ந்து, “வேணாம்மா, வித்துருவோம். காருக்காக நீ ஏன் இப்படித் தனியா நிக்கணும்?” என்றேன்.

தையலைப் பிரித்துக்கொண்டே தலையை ஆட்டினாள். பிரித்து முடித்ததும் சொன்னாள்.

“எனக்கு எல்லாருமே சத்தமில்லாமத்தான் வர்றாங்க. இவன் ஒருத்தன் வந்ததுதான் முன்னாடியே தெரிஞ்சுச்சு.”

எல்லாரும் என்றால் அதில் நானும் உண்டு. கல்யாணமான புதிதில், வேலை முடிந்து வந்து பின்னாலிருந்து தோளைத் தொடுவேன். ஒரு நாள் அப்படித் தொட்டதில் அவள் திடுக்கிட்டு, ஊசி நகத்தில் இறங்கிவிட்டது. அதிலிருந்து வாசலிலேயே நின்று, அவளாகத் தலை தூக்கும் வரைக்கும் காத்திருப்பது என் வழக்கம். சில நாள் பத்து நிமிடம்கூட நின்றிருக்கிறேன். அவள் தலை தூக்கிப் பார்க்கும்போது லேசாக அதிரத்தான் செய்வாள். இத்தனை வருடத்தில் அதை நான் ஒரு குறையாக நினைத்ததே இல்லை.

மறுநாள் வேலை முடிந்து வந்ததும் மோட்டாரை நிறுத்திவிட்டு, காரின் முன்பக்கத்தில் இரண்டு கையையும் வைத்து அழுத்தினேன். கார் மெல்ல அமுங்கி எழுந்தது. உள்ளே மெஷின் நின்றது. விளக்குமாறு முதலில் வந்தது, பின்னால் அவள் வந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். உள்ளே போகும்போது அவள் திடுக்கிடாமல், என் சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அது தினமும் தொடர்ந்தது. மூன்று அழுத்து, விளக்கு அணையும் அளவு விட்டு இன்னொன்று; அப்படி மின்னினால் வந்தது நான் என்று அர்த்தம். தீபாவளிக்கு முன் ஒரு சாயங்காலம் அழுத்திவிட்டு நின்றேன், அவள் வரவில்லை. மறுபடி அழுத்தினேன், வரவில்லை. அந்த ஹெல்மெட் ஆள் நினைவுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினேன். மலைபோல் குவிந்த துணிக்கு நடுவில், விளக்கு மின்னிக்கொண்டிருக்க, அவள் பாட்டுக்கு ஒரு புடவை ஓரத்தை அடித்துக்கொண்டிருந்தாள்.

“விளக்கு தெரியலையா?” என்றேன், மூச்சு வாங்க.

“தெரிஞ்சுச்சு. நீங்கதானேன்னு இருந்தேன்லா,” என்றாள். “ஓரம் முடிச்சிட்டு வரேன். நீங்க டீ போடுங்க.”